பெருவுக்குப் போக எந்த மாதம் நல்லது?

கேள்வி இது: சென்னையிலிருந்து ஒரு குடும்பம். கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளியில் படிக்கும் மகன். பெருவுக்குப் போக வேண்டும் என்பது பல வருட ஆசை. மலைமேல் இன்காக்கள் கட்டிய பழைய நகரமான மச்சு பிச்சு கட்டாயம், முடிந்தால் அமேசான் காடும் லிமாவும். மே மாத விடுமுறையில் போகலாமா, டிசம்பர் கடைசியில் போகலாமா என்று கேட்கிறார்கள். விசாரித்தால் ஒருவர் ஜூலை என்கிறாராம், இன்னொருவர் ஜனவரி என்கிறாராம். யாரை நம்புவது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: மே. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி மே முடியும் வரை. உங்கள் விடுமுறையோடு அது ஒத்துப்போவது நல்ல வாய்ப்பு. அதை விட்டுவிடாதீர்கள்.

ஜூலை என்று சொன்னவரும் ஜனவரி என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் மலையை மனதில் வைத்துச் சொல்கிறார், மற்றவர் கடற்கரையை. பெரு ஒரு நாடுதான், ஆனால் வானிலையைப் பொறுத்தவரை மூன்று நாடுகள். மேற்கே பசிபிக் கடலோரம் நெடுக வறண்ட பாலைவனம். நடுவே ஆண்டீஸ் மலை. கிழக்கே அமேசான் காடு. நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல் அந்தக் காடுதான். காலையில் கடலோரத் தலைநகரான லிமாவில் மூடுபனியில் விமானம் ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் மலைநகரமான குஸ்கோவில் கண் கூசும் வெயிலில் இறங்கலாம். அதே வாரத்தில் அமேசான் பக்கத்து ஊரான புவேர்ட்டோ மால்டொனாடோவில் வியர்த்துக் கொட்டலாம். ஆகவே "பெருவுக்கு எது நல்ல பருவம்" என்ற கேள்விக்கு முன்னால், "பெருவில் எங்கே" என்று ஒரு கேள்வி இருக்கிறது.

மலையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பயணத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பெரு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. எனவே கணக்குப்படி ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை. இதைப் படித்துவிட்டுப் பலரும் "அப்படியானால் கோடையில் போவோம்" என்று ஜனவரிக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள். மலையில் கோடை என்றால் மழைக்காலம். தெற்கே சூரியன் சாயும் அந்த மாதங்களில் அமேசான் பக்கமிருந்து ஈரக்காற்று ஆண்டீஸ் மீது ஏறி, குளிர்ந்து, கொட்டித் தீர்க்கிறது. குஸ்கோவில் ஜனவரி மாதத்தில் மட்டும் சராசரியாக 150 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும். ஜூன், ஜூலையில் மாதம் முழுக்கச் சேர்த்தாலும் 10 மில்லிமீட்டர் தேறாது. அவ்வளவு பெரிய வித்தியாசம். குளிர்காலம் என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மலையில் அதுதான் நீல வானமும் நல்ல வெயிலும் உள்ள காலம்.

ஆனால் மச்சு பிச்சுவைக் குஸ்கோவின் கணக்கில் சேர்க்காதீர்கள். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற வறண்ட மேட்டு நிலம். மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான். அமேசான் பக்கம் சரியும் மலையின் விளிம்பில், மேகம் வந்து முட்டும் காட்டுக்குள் இருக்கிறது. அங்கே ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2,000 மில்லிமீட்டர் மழை. ஜூலையிலும் ஒரு தூறல் வந்துவிட்டுப் போகும். 1911 ஜூலை 24 அன்று அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்கம் அந்த இடத்துக்கு முதன்முறை ஏறிப்போன காலைகூடக் குளிர்ந்த தூறலோடுதான் விடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆண்டின் வறண்ட மாதங்களில் ஒன்று அது. ஆகவே எந்த மாதம் போனாலும் ஒரு மழைச்சட்டை பையில் இருக்கட்டும். வறண்ட மாதங்களில்கூட விடிகாலையில் மேகம் மூடியிருந்து, எட்டு, ஒன்பது மணிக்கு மேல் விலகுவது சாதாரணம். காலை ஆறு மணிச் சீட்டுக்கு எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் எட்டு, ஒன்பது மணிச் சீட்டு போதும்.

சரி, ஜூன், ஜூலை இவ்வளவு வறண்டதாக இருக்கும்போது ஏன் மே என்கிறேன்?

முதல் காரணம் நிலத்தின் நிறம். மழை மார்ச் கடைசியில் குறையத் தொடங்கி, ஏப்ரலில் ஓய்கிறது. மே மாதத்தில் வானம் தெளிந்துவிட்டது, ஆனால் மண்ணில் ஈரம் இன்னும் இருக்கிறது. மலைச்சரிவில் பச்சை மிச்சமிருக்கிறது. குஸ்கோவுக்கு அருகே உள்ள உருபம்பா பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் அறுத்துக் காயப்போட்டிருப்பார்கள். மேட்டில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பார்கள். பனிச்சிகரங்கள் கழுவிவிட்ட மாதிரி தெரியும். ஆகஸ்ட் போய்ப் பாருங்கள், அதே மலைகள் வறண்டு பழுப்பாகிக் கிடக்கும். அப்புறம் ஆகஸ்ட், செப்டம்பரில் வயல்களில் தீ வைப்பார்கள். அந்தப் புகை சில நாட்களில் மலைகளையே மறைத்துவிடும்.

இரண்டாவது காரணம் குளிர். ஜூன், ஜூலையில் குஸ்கோவில் பகலில் 19, 20 டிகிரி, ராத்திரி பூஜ்யத்தைத் தொடும். மலைவெயில் சட்டென்று மறையும். மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் பல் கிட்டும். நம்மூர்க்காரர்கள் கவனிக்காத விஷயம், குஸ்கோவில் சாதாரண விடுதிகள் பலவற்றில் அறையைச் சூடாக்கும் வசதி இருக்காது. மூன்று கம்பளி கொடுப்பார்கள், அவ்வளவுதான். டிடிகாகா ஏரிக்கரையில் 3,810 மீட்டரில் இருக்கும் புனோவில் இன்னும் மோசம், பூஜ்யத்துக்குக் கீழே போவது சகஜம். மே மாதத்திலும் குளிர் உண்டு, ஆனால் ஒரு படி குறைவு. சென்னையில் அக்னி நட்சத்திர வெயிலில் விமானம் ஏறிப் போகிறவர்களுக்கு அந்த ஒரு படி பெரிய உதவி.

இந்தக் குளிரைப் பயணிகள் குறையாகச் சொல்வார்கள். மலை விவசாயிகளுக்கு அது வேலைக்காலம். ஜூன், ஜூலையில் உறைபனி விழும் இரவுகளுக்காகவே காத்திருந்து, சின்னச் சின்ன உருளைக்கிழங்குகளைப் புல்தரையில் பரப்பிவைப்பார்கள். ராத்திரி உறையும், பகல் வெயிலில் இளகும். இப்படிச் சில நாட்கள். பிறகு குடும்பமே சேர்ந்து வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து, தோலைப் போக்கிக் காயவைப்பார்கள். கூழாங்கல் மாதிரி கறுத்து, இறுகி, எடை குறைந்துபோன அந்தக் கிழங்குக்கு சுன்யோ என்று பெயர். நம் வீடுகளில் வடாமும் வற்றலும் வெயிலை நம்பி இருப்பது போல அது உறைபனியை நம்பி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்கா அரசின் களஞ்சியங்களே இதை நம்பித்தான் நிரம்பின.

அறுவடைக் காலத்தில் போனால் இன்னொன்றையும் பார்க்கலாம். வயலிலேயே உலர்ந்த மண்கட்டிகளை அடுக்கி இடுப்புயரத்துக்கும் குறைவாக ஒரு சின்னக் குவிமாடம் கட்டுவார்கள். சாந்து கிடையாது, கட்டிமேல் கட்டி, அவ்வளவுதான். உள்ளே சுள்ளியும் சாணமும் போட்டு எரிப்பார்கள். மண்கட்டிகள் சூடேறிச் சிவந்ததும் அப்போதுதான் தோண்டிய கிழங்குகளை உள்ளே போட்டு, குவிமாடத்தை அப்படியே உடைத்து மேலே சரித்து மூடிவிடுவார்கள். அரைமணி, முக்கால் மணி கழித்து மண்ணைக் கிளறினால் கிழங்கு தோல் சுருங்கி, உள்ளே மாவாக வெந்திருக்கும். வாதியா என்பார்கள். ஊதி ஊதித் தோலை உரித்து, கொஞ்சம் பாலாடைக்கட்டி, அரைத்த மிளகாயோடு நின்றபடியே சாப்பிடுவார்கள். இதை உணவகத்தில் கேட்டு வாங்க முடியாது. உருபம்பா பள்ளத்தாக்கில் உள்ள பிசாக் ஊர்ச் சந்தையைத் தாண்டி மேலே உள்ள கிராமங்களில், மே, ஜூன், ஜூலையில் உலர்ந்த வயலும் கிழங்கும் ஒன்றாக இருக்கும்போதுதான் நடக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு ஆண்டீஸில் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது காரணம் கூட்டம். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடை விடுமுறை. அவர்கள் எல்லோரும் வந்து இறங்குவது இந்த மலைக்குத்தான். நடுவில் ஜூன் 24 அன்று இன்டி ராய்மி, சூரியனுக்கான இன்காக்களின் விழா. 1944-ல் மீட்டெடுத்து, இன்றுவரை சாக்சய்வமான் கோட்டைத் திடலில் நூற்றுக்கணக்கானோர் வேடமிட்டு நடத்துகிறார்கள். அந்த வாரம் குஸ்கோவில் அறை கிடைப்பதே பாடு. அடுத்து ஜூலை 28, 29 பெருவின் சுதந்திர நாள் விடுமுறை. 1821-ல் விடுதலைப் படைத் தலைவர் சான் மார்டின் லிமாவில் விடுதலையை அறிவித்த நாள். அப்போது பெரு மக்களே நாட்டைச் சுற்றக் கிளம்புவார்கள். பேருந்து, விமானம், விடுதி எல்லாம் விலை ஏறும்.

மச்சு பிச்சுவுக்குள் நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருக்கிறது. 2024 முதல் அது 4,500, சில குறிப்பிட்ட நாட்களில் 5,600. சீட்டில் நேரமும் போட்டிருக்கும், எந்தப் பாதையில் நடக்க வேண்டும் என்பதும் போட்டிருக்கும். புகைப்படங்களில் பார்க்கும் அந்த உயரமான மேட்டுக் காட்சி எல்லாப் பாதையிலும் வராது. ஜூன், ஜூலையில் நல்ல பாதைச் சீட்டுகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். மே மாதத்திலும் முன்பதிவு வேண்டும், ஆனால் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். நான்கு நாள் நடந்து போகும் இன்கா பாதையில் உங்களுக்கு ஆசை இருந்தால் அதற்குத் தனிக் கெடுபிடி. வழிகாட்டி, சுமை தூக்குபவர் எல்லோரையும் சேர்த்து நாளுக்கு 500 பேர்தான். மே மாதத்துக்கு நடக்க வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு முடிவதற்குள் ஏற்பாடு தொடங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜூனில் போகத்தான் வேண்டும் என்று யாராவது கேட்டால், ஒரு காரணத்துக்காக நானும் சரி என்பேன். அது இன்டி ராய்மி அல்ல. குஸ்கோவுக்குத் தெற்கே, அபுரிமாக் ஆற்றின் மீது கெஸ்வாசாகா என்றொரு புல் பாலம் இருக்கிறது. நீளம் 30 மீட்டர்கூட இருக்காது. இரும்பு இல்லை, மரப்பலகை இல்லை, மலைப்புல்லைத் திரித்த கயிறு மட்டும். ஆண்டுதோறும் ஜூன் முதல் பாதியில் நான்கு ஊர்க்காரர்கள் கூடி, பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். பெண்கள் மெல்லிய கயிறு திரிக்க, ஆண்கள் அதைப் பின்னித் தொடை கனமுள்ள வடமாக்கி, இரு கரையிலிருந்தும் இழுப்பார்கள். இன்கா காலத்துச் சாலைகளை இணைத்த பாலங்கள் இப்படித்தான் இருந்தன. இன்றும் கைவிடாமல் செய்துவருவது இங்கேதான். 2013-ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருந்தொற்றால் 2020-ல் வேலை நின்றுபோக, 2021-ல் பழைய பாலம் தானே அறுந்து விழுந்தது. அந்த ஜூனில் மறுபடி கட்டினார்கள். மகனுக்குப் பள்ளி திறப்பு தள்ளிப்போனால், மே கடைசியில் கிளம்பி ஜூன் முதல் பாதிவரை நீட்டிக்க இது போதுமான காரணம்.

இப்போது டிசம்பர். உங்களுக்கு மே அமையாமல் போனால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை மலைக்குப் போகவே கூடாது என்று சிலர் ஒரேயடியாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் கொட்டும் மழை தினமும் வராது. பல நாட்களில் காலை தெளிவாக இருந்து மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும். மலை முழுக்கப் பச்சை. உருளைக்கிழங்கு வயல்களில் வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. கூட்டம் குறைவு, விலையும் குறைவு, புத்தாண்டை ஒட்டிய நாட்களைத் தவிர. பிப்ரவரி, மார்ச்சில் சாலையோரம் பெரிய பெரிய முத்துகள் உள்ள இளஞ்சோளத்தை அவித்து ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு விற்பார்கள். அதன் நல்ல பருவம் அதுதான்.

ஆனால் ஆபத்து உண்மையானது. மண்சரிவு சாலையை மறிக்கும், ரயில் நிற்கும். 2010 ஜனவரி கடைசியில் பெய்த மழையில் உருபம்பா ஆறு பெருகி, மச்சு பிச்சுவுக்குப் போகும் தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போனது. அடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியென்டெஸுக்குச் சாலையே கிடையாது, ரயில்தான். அங்கே மாட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மச்சு பிச்சு ஏப்ரல் முதல் தேதிதான் மறுபடி திறந்தது. ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஆகாது. ஆனால் மழைக்காலத்தில் ஒரு நாள் இரண்டு நாள் தாமதம் என்பது எதிர்பார்க்க வேண்டியது. பிப்ரவரி முழுவதும் இன்கா பாதையைப் பராமரிப்புக்காக மூடிவிடுகிறார்கள். மச்சு பிச்சு திறந்திருக்கும், நடைபாதைதான் மூடியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்து ஏமாந்தவர்கள் உண்டு. சமூக ஊடகங்களில் பிரபலமான வானவில் மலை, வினிகுன்கா, 5,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் மழை மாதங்களில் பனி மூடி, அந்த நிறங்களே தெரியாமல் போகலாம்.

ஆகவே டிசம்பர் என்று முடிவானால், மாதத்தின் பிற்பகுதி ஜனவரியைவிடப் பரவாயில்லை. மலையைப் பயணத்தின் முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மச்சு பிச்சுவுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது மூன்று நாள் இடைவெளி இருக்கட்டும். கடைசி நாட்களைக் கடற்கரைக்கு விடுங்கள், அங்கே அப்போது நல்ல வெயில்.

கடற்கரையைப் பார்ப்போம். இங்கே எல்லாம் தலைகீழ். தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் கொண்டுவரும் குளிர்ந்த நீர் கரையை ஒட்டி ஓடுகிறது. அதன்மேல் காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் வெப்பக் காற்று மூடிபோட்டது மாதிரி நிற்க, நடுவில் மேகம் சிக்கிக்கொள்கிறது. மேகம் உண்டு, மழை இல்லை. ஒரு கோடி மக்கள் வாழும் லிமாவில் ஆண்டு முழுதும் சேர்த்து 2 சென்டிமீட்டர் மழைகூடப் பெய்யாது. ஆனால் ஜூன் முதல் அக்டோபர் வரை வாரக்கணக்கில் சூரியனே தெரியாது. வானம் சாம்பல் நிறத்தில் கூரை மாதிரி தாழ்ந்து நிற்கும். அவர்கள் காருவா என்று சொல்லும் தூறல், குடை பிடிக்கும் அளவுக்கு விழாது, ஆனால் நடைபாதை நனைந்திருக்கும், கண்ணாடி நனைந்திருக்கும், கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. வெப்பம் 15, 16 டிகிரிதான், ஈரத்தால் எலும்பு வரை குளிரும். லிமாக்காரர்களே வார இறுதியில் வெயிலைத் தேடி உள்நாட்டுப் பக்கம் சோசிகாவுக்குப் போவார்கள். 40 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 850 மீட்டர் ஏறினால் போதும், மேகம் கீழே நின்றுவிடும்.

லிமாவின் கடலும் மிராஃப்ளோரெஸ் பாறைமுனையும் வெயிலில் வேண்டுமென்றால் டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை. மே மாதத்தில் வெயில் விடைபெறத் தொடங்கியிருக்கும். இது மே மாதத்தின் ஒரே பெரிய குறை. ஆனால் லிமாவுக்கு நீங்கள் போகப்போவது சாப்பாட்டுக்கும் அருங்காட்சியகங்களுக்கும். அதற்கு வெயில் தேவையில்லை. லார்கோ அருங்காட்சியகத்தின் மண்பாண்டங்களையும், நகரின் நடுவே பல மாடி உயரம் நிற்கும் வாகா புக்யானா என்ற பழங்கால, சுடாத மண்கல் கோபுரத்தையும் மேகமூட்டத்திலும் நிம்மதியாகப் பார்க்கலாம். அந்த மூடுபனியிலும் ஒரு நன்மை இருக்கிறது. லிமாவுக்கு வடக்கே 105 கிலோமீட்டரில் லச்சாய் என்ற மலைக்காப்பகம். வறண்ட மாதங்களில் மண்மேடு. குளிர்காலப் பனி மட்டுமே குடித்து ஆகஸ்ட், செப்டம்பரில் பாலைவனத்தின் நடுவே புல்லும் பூவுமாக எழுந்து நிற்கும். ஜூன் கடைசி, ஜூலையில் அமன்காயெஸ் என்ற மஞ்சள் பூ சில நாட்கள் மட்டும் பூக்கும். லிமா நகரத்தின் அடையாளப் பூ அது. அந்த மாதங்களில் லிமாவில் ஒரு நாள் மிச்சமிருந்தால் இங்கே போங்கள்.

பாலைவனத் தரையில் பழங்காலத்தில் வரைந்த, விமானத்திலிருந்து பார்க்கும் நாஸ்கா கோடுகளும், கடலோரப் பராகாஸும் ஆண்டு முழுதும் பார்க்கக்கூடியவை. நாஸ்காவில் காலையில் பறப்பது நல்லது, மதியத்துக்குமேல் காற்று ஏறும். வடக்கே மான்கொரா பக்கம் நீரோட்டம் விலகிவிடுவதால் கடல் எப்போதும் வெதுவெதுப்பு. ஜூலை முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரைக்கு அருகிலேயே வரும். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வட கடற்கரைக்குப் போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் எல் நினோ அறிவிப்பைப் பாருங்கள். கடல் சூடேறும் ஆண்டுகளில் அந்தப் பாலைவனத்தில் வெள்ளம் வரும். 1998-லும் 2017-லும் பியூரா நகரம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாவது பெரு, காடு. இங்கேயும் இரண்டு வாசல்கள். எந்த வாசல் என்பதைப் பொறுத்து மாதமும் மாறும்.

தெற்கு வாசல் புவேர்ட்டோ மால்டொனாடோ. குஸ்கோவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து படகில் தம்போபாட்டா காட்டு விடுதிகளுக்குப் போகலாம். மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு, நடைபாதைகள் காய்ந்திருக்கும், கொசு குறையும். உங்கள் மே மாதப் பயணத்துக்கு இதுதான் பொருத்தம். ஆற்றங்கரைக் களிமண் சுவரில் நூற்றுக்கணக்கான மாக்கா கிளிகள் வந்து மண் தின்பதைப் பார்ப்பதுதான் முதல் நோக்கம் என்றால் ஆகஸ்டுக்குப் பிறகு போவது இன்னும் நல்லது. மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு எச்சரிக்கை: தெற்கிலிருந்து சில சமயம் குளிர்காற்று பாய்ந்து வரும், ஃப்ரியாஹே என்பார்கள். முப்பது டிகிரியில் இருந்த காடு ஒரே ராத்திரியில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போகும். விலங்குகள் பதுங்கிவிடும், சுவர் இல்லாத காட்டு விடுதி அறைகளில் நடுங்க வேண்டியிருக்கும். மலைக்கு எடுத்துப்போன கம்பளிச் சட்டையைக் குஸ்கோவில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வடக்கு வாசல் இகிடோஸ். சாலை வழியாகப் போக முடியாத பெரிய நகரம், விமானம் அல்லது படகுதான். அங்கே மழை இல்லாத மாதமே கிடையாது. பார்க்க வேண்டியது மழையை அல்ல, ஆற்றின் மட்டத்தை. தண்ணீர் நிறைந்தும் வற்றியும் பல மீட்டர் வித்தியாசம் காட்டும். பெலென் பகுதி வீடுகளைக் கால்கள் மீதும் மிதவைகள் மீதும் கட்டியிருப்பது அதற்காகத்தான். ஆறு உச்சத்தில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் காட்டுக்குள்ளேயே, மரங்களின் நடுவே படகில் போகலாம். குரங்குகளும் பறவைகளும் கண் மட்டத்துக்கு வந்துவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை தண்ணீர் இறங்கும், கரையில் நடக்கலாம், மீன்பிடிக்கலாம், மணல்திட்டில் முதலை வகைகளைப் பார்க்கலாம். இரண்டில் நான் நிறைதண்ணீரையே தேர்ந்தெடுப்பேன். வெள்ளக்காட்டில் துடுப்பு மட்டும் போட்டுப் போவதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் குஸ்கோவோடு இதைச் சேர்க்க லிமா வழியாகச் சுற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்குக் குறைவான பயணத்தில் இகிடோஸைத் திணிக்காதீர்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலையேற்றம் பிடித்தவர்கள் வடக்கே வராஸுக்குப் போவார்கள். 6,768 மீட்டர் உயரமுள்ள வாஸ்கரான் சிகரம் அங்கேதான். அதற்கு மே முதல் செப்டம்பர் வரை மட்டுமே, மற்ற மாதங்களில் பாதை சேறு, சிகரம் மேகம். அரெகிபா எந்த மாதத்திலும் வெயில் நகரம். அதையடுத்த கொல்கா பள்ளத்தாக்கில் காண்டோர் கழுகுகளைப் பார்க்க வறண்ட மாதங்களே நம்பகமானவை. புனோவில் பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கும் கன்டெலாரியா மாதா திருவிழா, நடனமும் இசையுமாக நாட்கணக்கில் ஊரையே நிறைக்கும். மழையைப் பொருட்படுத்தாமல் போகத் தக்கது. பொலிவியாவின் உயுனி உப்புவெளியையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு, வானம் தரையில் பிரதிபலிக்கும் அந்தக் கண்ணாடிக் காட்சி ஜனவரி முதல் மார்ச் வரை, தண்ணீர் தேங்கும்போதுதான் கிடைக்கும்.

மேயும் இல்லை, டிசம்பரும் இல்லை என்றால் செப்டம்பர். குளிர் குறைந்திருக்கும், வெளிநாட்டுக் கூட்டம் திரும்பியிருக்கும், மழை இன்னும் பிடித்திருக்காது. புகை மட்டும் ஒரு சந்தேகம். ஏப்ரல் முதல் பாதியில் போக நேர்ந்தால் ஈஸ்டருக்கு முந்தைய திங்களன்று குஸ்கோவில் இருக்கப் பாருங்கள். 1650-ல் வந்த நிலநடுக்கத்தை அடக்கியதாக நம்பும் கறுத்த கிறிஸ்து சிலையை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். மாடிகளிலிருந்து மக்கள் ஞுக்சு என்ற சிவப்புப் பூவை வாரி வாரி இறைப்பார்கள், தெருவே சிவந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும், சில ஆண்டுகளில் மார்ச்சிலேயே வந்துவிடும்.

உங்கள் மே மாதப் பயணத்துக்கு நான் சொல்லும் வரிசை: லிமாவில் இரண்டு இரவு. பிறகு குஸ்கோவுக்குப் பறந்து, நகரத்தில் தங்காமல் அன்றே உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்கே உள்ள ஒயாந்தாய்தம்போ என்ற ஊர் 2,800 மீட்டர் அளவில்தான் இருக்கிறது, குஸ்கோவைவிட 600 மீட்டர் தாழ்வு. உயரத்துக்கு உடம்பு பழகாமல் வரும் தலைவலியும் குமட்டலும் அந்தத் தாழ்வில் வெகுவாகக் குறையும். முதல் நாள் மெதுவாக நடங்கள், கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், கொடுக்கும் கோகா இலைத் தேநீரைக் குடியுங்கள். இதயமோ ரத்த அழுத்தமோ சம்பந்தப்பட்ட மருந்து எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று நாள், அங்கிருந்து ரயிலில் மச்சு பிச்சு, திரும்பி வந்து குஸ்கோவில் மூன்று நாள். பிறகுதான் காடு. கடைசியில் லிமா வழியாக ஊர்.

முன்பதிவில் முதலில் மச்சு பிச்சு சீட்டு, இரண்டாவது அந்த ரயில், மூன்றாவது விமானங்கள், விடுதி எல்லாம் பிறகு. சீட்டு கிடைக்கும் தேதியை வைத்து மற்றதை அமையுங்கள், மற்றதை அமைத்துவிட்டுச் சீட்டைத் தேடாதீர்கள்.

தேதி குறித்ததும் செய்ய வேண்டிய இன்னொரு வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. காட்டுக்குப் போகிறவர்களுக்கு அது பாதுகாப்பு. காட்டுக்குப் போகாவிட்டாலும், பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கும் விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்தக் கிழமை, என்னென்ன ஆவணம் என்பதை முன்கூட்டியே கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு நான்கு பேரும் மார்ச் மாதத்திலேயே போய் முடித்துவிடுங்கள். ஏப்ரல் தேர்வுகளுக்கு நடுவில் அந்த அலைச்சல் வேண்டாம்.